காட்டுக்குள் போகும்போது உங்க பேர் யார் கையில் இருக்கு?

(கொடைக்கானல், பழனி மலைப் பகுதியில் ஒரு நாள் மலைநடைக்குத் தயாராகிறவர்களுக்காக ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



கொடைக்கானல் போறோம், ஏரியைச் சுற்றினது போதும், இந்தத் தடவை கொஞ்சம் காட்டுக்குள்ள நடக்கணும், என்னென்ன எடுத்துட்டுப் போகணும்? பெரும்பாலும் இதுதான் கேள்வியாக வருது. பொருள் பட்டியல் சொல்வது சுலபம். சொல்லத்தான் போறேன். ஆனால் அதுக்கு முன்னாடி நான் ஒரு கேள்வி கேட்கிறேன். நீங்க உள்ளே போனது யாருக்குத் தெரியும்? எந்தப் பாதை, எத்தனை பேர், எத்தனை மணிக்குள் வெளியே வரணும், இந்த மூணும் காட்டுக்கு வெளியே இருக்கிற ஒருத்தர் கையில் எழுத்தில் இருக்கா?

இதை ஏன் முதலில் கேட்கிறேன் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பழனி மலைத் தொடருக்குத் தென்மேற்கே, போடிநாயக்கனூர் பக்கம், குரங்கணி என்று ஒரு மலையடிவார ஊர். 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. கொழுக்குமலை போய்விட்டுக் கீழே இறங்கிக்கொண்டிருந்த இரண்டு குழுக்கள் காட்டுத்தீயில் சிக்கிக்கொண்டன. ஒரு குழு சென்னையிலிருந்து வந்தது, இன்னொன்று ஈரோடு, திருப்பூர் பக்கத்திலிருந்து. பலர் இளைஞர்கள், பெண்கள் நிறைய. வார விடுமுறையில் நடக்க வந்தவர்கள், உங்களை மாதிரி, என்னை மாதிரி. 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். அங்கேயே இறந்தவர்கள் சிலர். தீக்காயத்தோடு ஆஸ்பத்திரியில் நாட்கணக்காகப் போராடி இறந்தவர்கள் அதைவிட அதிகம்.

அன்று மாலை என்ன நடந்தது என்று நினைவிருக்கிறவர்களுக்குத் தெரியும். உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற எண்ணிக்கையே மாறி மாறி வந்துகொண்டிருந்தது. அவர்கள் போன பாதைக்கு அனுமதி இல்லை என்று வனத்துறை பிறகு சொன்னது. விமானப்படை ஹெலிகாப்டர் வந்தது, வனத்துறை, தீயணைப்பு, போலீஸ் எல்லாரும் வந்தார்கள். ஆனால் முதலில் மேலே ஏறினவர்கள் பக்கத்து ஊர்க்காரர்களும் தோட்டத் தொழிலாளர்களும்தான். போர்வையைக் கட்டித் தூளி மாதிரி தூக்கிக்கொண்டு வந்தார்கள். இருட்டில் தேடப் போகிறவருக்கு, பத்துப் பேரைத் தேடுகிறோமா நாற்பது பேரையா, எந்தச் சரிவில் என்பது தெரிந்தால் அது எவ்வளவு பெரிய உதவி என்று யோசித்துப் பாருங்கள்.

இறந்துபோனவர்களைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அனுமதி என்ற சொல்லை நாம் எப்படிப் புரிந்துகொள்கிறோம் என்பதற்காகச் சொல்கிறேன். நம்ம ஊரில் அனுமதி என்றால் ஒரு தடை, ஒரு கட்டணம், ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். கேட்டால் தரமாட்டாங்க, கேட்காமலே போயிடலாம் என்கிற மனசு. காட்டைப் பொறுத்தவரை அனுமதிச் சீட்டு வேறொரு வேலையும் செய்யுது. உங்க பேர் ஒரு பட்டியலில் ஏறுது. மாலையில் அந்தப் பேருக்கு நேரே 'திரும்பினார்' என்று குறிக்கப்படவில்லை என்றால் ஒருவர் எழுந்து விசாரிப்பார். ஜப்பானில் மலையேறப் போகிறவர்கள் தங்கள் வழித்திட்டத்தை ஒரு படிவமாக எழுதி முன்கூட்டியே போலீஸிடம் கொடுப்பது நீண்டகால வழக்கம். நமக்கு அந்த வேலையைச் செய்வது அனுமதிதான்.

குரங்கணிக்குப் பிறகு அந்த ஆண்டே தமிழ்நாடு அரசு வனப்பகுதி மலையேற்றத்துக்கென்று தனி ஒழுங்குமுறை விதிகளைக் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் தொடங்கியது. 14 மாவட்டங்களில் 40 பாதைகள். எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள். இணையத்திலேயே தேதி பார்த்துப் பதிவு செய்யலாம். உங்களோடு பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி வருவார். திண்டுக்கல் மாவட்டத்தில் வட்டக்கானல் – வெள்ளகவி பாதை இந்தப் பட்டியலில் இருக்கிறது. கோடை தொடங்கும்போது தீ அபாயம் இருப்பதால் எல்லாப் பாதைகளையும் மூடிவிடுவார்கள். 2025-ல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை மூடியிருந்தார்கள். குரங்கணி நடந்தது மார்ச்சில் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். "ஆன்லைன்ல டேட் காட்டமாட்டேங்குது, ஆனா எங்களுக்குத் தெரிஞ்ச ஒரு பையன் கூட்டிட்டுப் போறேங்கிறான்" என்று யாராவது சொன்னால், தேதி ஏன் காட்டவில்லை என்று முதலில் யோசியுங்கள்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடணும். கொடைக்கானலுக்கு இ-பாஸ் எடுத்தாச்சு, அப்போ காட்டுக்குள்ளேயும் போகலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது வேறு, இது வேறு. இ-பாஸ் என்பது சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நடைமுறைக்கு வந்தது. மலைக்கு வரும் வாகனங்களின் எண்ணிக்கையைத் தெரிந்துகொள்வதற்காக, பின்னர் கட்டுப்படுத்துவதற்காக. 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி என்று வரம்பு வைத்தார்கள். அரசுப் பேருந்தில் வந்தால் இ-பாஸே வேண்டாம். ஆக, அது வண்டிக்கான சீட்டு. சாலையோடு அதன் வேலை முடிந்துவிடும். காட்டுப் பாதையில் நடப்பதற்கு வனத்துறை வழியாக வரும் அனுமதி தனி. பேரிஜம் ஏரிக்குப் போவதற்கும் வனத்துறை அனுமதி தனியாக வேண்டும். இரண்டையும் ஒரே நாளில் கடைசி நிமிடத்தில் செய்ய நினைத்தால் ஒன்று நிச்சயம் தவறும்.

கொடைக்கானல் தேசியப் பூங்காவா, சரணாலயமா என்றும் கேட்கிறார்கள். சட்டப்படி வனவிலங்கு சரணாலயம். 2013-ல் அறிவிக்கப்பட்டது, பரப்பு 600 சதுர கிலோமீட்டருக்கு மேல். எல்லை தாண்டிக் கேரளப் பக்கத்தில் இருக்கிற பாம்பாடும் சோலைதான் தேசியப் பூங்கா. நடக்கப் போகிற உங்களுக்கு இதில் பெரிய வித்தியாசம் இல்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள்ளும் அனுமதி இல்லாமல் நுழையக் கூடாது, தீ மூட்டக் கூடாது. சிகரெட்டும் தீதான்.

சரி, இப்போ மலைக்கு வருவோம்.

சமவெளியிலிருந்து வருகிறவர்கள் மனதில் மலைநடை என்றால் ஒரு படம் இருக்கும். காலையில் அடிவாரத்தில் தொடங்கி மேலே ஏறுவோம், களைத்துப்போனால் திரும்பி இறங்கிவிடலாம். பழனி படிக்கட்டு மாதிரி, பர்வதமலை மாதிரி, வெள்ளியங்கிரி மாதிரி. கொடைக்கானலில் இது அப்படியே தலைகீழ். ஊரே மலை உச்சியில், ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நீங்க தங்கியிருக்கிற அறையே மேலேதான். அதனால் நடை இறக்கத்தில் தொடங்கும். வட்டக்கானலிலிருந்து டால்பின் நோஸ் போகிற வழியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வேர்களும் கற்களுமாகப் படிபோல இறங்கிக்கொண்டே போகும். காலை நேரம், புதுக் கால், குளிர்ந்த காற்று, பேச்சும் சிரிப்புமாக இறங்கிவிடுவோம். "இவ்வளவுதானா" என்று இன்னும் கொஞ்சம் கீழே போகத் தோன்றும். ஏற்றம் முழுக்கப் பிற்பகலுக்காகக் காத்திருக்கும். கால் ஓய்ந்து, தண்ணீர் தீர்ந்து, மேகம் இறங்கி, வழி மறைகிற நேரத்தில்தான் நீங்க ஏற வேண்டியிருக்கும். அதோடு இந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ இரவு வண்டியில் வந்து இறங்கி, குளித்துவிட்டு உடனே நடக்கத் தொடங்குகிறவருக்கு மூச்சு வாங்கத்தான் செய்யும். ஒரு நாள் முன்னாடியே வந்து ஏரியைச் சுற்றி நடந்துவிட்டு, மறுநாள் காட்டுக்குப் போங்கள்.

தூரத்தைக் கணக்குப் போடுவதிலும் இதே சிக்கல். போன் வரைபடம் 4 கிலோமீட்டர் என்று காட்டும். நம்ம ஊர்த் தெருவில் அது ஒரு மணி நேர நடை. மலையில் கிலோமீட்டரைவிட ஏற்றம்தான் நேரத்தைத் தின்னும். 1892-ல் நெய்ஸ்மித் என்கிற ஸ்காட்லாந்து மலையேறி ஒரு கணக்குச் சொன்னார், இன்றும் உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள். 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். அதற்கு மேல், ஏறுகிற ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். அந்த 4 கிலோமீட்டரில் 600 மீட்டர் ஏற வேண்டியிருந்தால் ஏறத்தாழ ஒன்றே முக்கால் மணி நேரத்துக்கும் கொஞ்சம் கூட. அதுவும் பழகிய காலுக்கு, நிற்காமல் நடந்தால். குழந்தை, வயதானவர், போட்டோ எடுக்கிறவர், புது ஷூ போட்டுக்கொண்டு வந்தவர் எல்லாரும் உள்ள நம்ம கூட்டத்துக்கு அதை இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். கூட்டத்திலேயே மெதுவாக நடக்கிறவர் யாரோ அவர் வேகம்தான் உங்க வேகம். அவரை முன்னால் விடுங்கள், பின்னால் விடாதீர்கள்.

இந்தக் கணக்கைப் போட்டு, திரும்பும் நேரத்தைக் கடிகாரத்தில் முடிவு பண்ணுங்கள். அருவி வந்துச்சா, ஊர் வந்துச்சா என்பதை வைத்து முடிவு பண்ணாதீர்கள். பகல் 12 மணிக்குத் திரும்புவது என்று முடிவு செய்தால், 12 மணிக்கு எங்கே நிற்கிறோமோ அங்கிருந்து திரும்பணும். மாலை 4 மணிக்குள் சாலைக்கு வந்துவிடணும். டிசம்பரில் ஆறு மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். சோலைக்காட்டுக்குள் அதற்கு ஒரு மணி நேரம் முன்பே இருட்டிவிடும்.

வெள்ளகவியைப் பற்றி ஒரு வார்த்தை. அது வாகனச் சாலை இல்லாத ஊர். அங்கே இருக்கிறவர்களுக்கு இது மலையேற்றம் கிடையாது. கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் மேலே வட்டக்கானலுக்கோ கீழே கும்பக்கரைப் பக்கமோ நடந்தால்தான் உண்டு. சாமான் குதிரை முதுகில் வரும், நோயாளியை டோலி கட்டித் தூக்கி வருவார்கள். நீங்க காலை முறித்துக்கொண்டால் உங்களையும் அவர்கள்தான் தூக்க வேண்டியிருக்கும். ஊருக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை, கோயில்கள் நிறைந்த ஊர் என்பதால். ஊர் எல்லையில் ஷூவைக் கழற்றச் சொன்னால் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிற பாட்டியைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

வழி தவறினால் என்ன செய்வது? இதில் நம்மிடையே ஒரு பழைய நம்பிக்கை இருக்கிறது. ஓடையைப் பிடித்துக் கீழே போனால் ஏதாவது ஊர் வரும் என்பது. சமவெளியில் அது சரி. பழனி மலையின் தென்விளிம்பில் அது ஆளைக் கொல்லும். பத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறும்போது டம்டம் பாறை என்ற இடத்தில் வண்டியை நிறுத்தி எதிரே தெரிகிற ஒரு நீண்ட வெள்ளைக் கோட்டைப் படம் எடுத்திருப்பீர்கள். தலையாறு அருவி, எலிவால் அருவி என்றும் சொல்வார்கள். உயரம் 297 மீட்டர். மேலே சாதுவாக ஓடுகிற ஓர் ஓடை இந்த மலையில் இப்படித்தான் முடிகிறது. ஓடையோடு இறங்குகிறவன் ஒரு வழுக்குப் பாறையில் இறங்கிவிடுவான், மேலே ஏற முடியாது, அடுத்த அடி கீழே பள்ளம். அதனால் வழி தவறிவிட்டது என்று தோன்றிய நொடியில் நில்லுங்கள். கடைசியாகப் பாதை தெளிவாக இருந்த இடத்துக்குப் போக வழி தெரிந்தால் மட்டும் திரும்புங்கள். தெரியவில்லையா, எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்துவிடுங்கள். தேடி வருகிறவர்களுக்கு நகராத ஆளைக் கண்டுபிடிப்பது எளிது.

பாதை எப்படித் தவறுகிறது என்பதும் தெரிந்திருக்கணும். பழைய புல்வெளிகளில் நட்டுவிட்ட பைன், சவுக்கு, யூகலிப்டஸ் தோட்டங்கள் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி இருக்கும். அதற்குள் விறகு பொறுக்கப் போகிறவர்களின் தடம், காட்டுமாட்டுத் தடம் என்று நூறு பாதைகள் பிரியும். மேகம் இறங்கிவிட்டால் பத்தடியில் இருக்கிறவர் நிழல்தான் தெரியும். வழிகாட்டி தேவையா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் இதுதான்: அவருக்கு எந்தத் தடம் மாட்டினுடையது என்று தெரியும்.

இப்போ போன். ஸ்மார்ட்போன் இருக்கிற தைரியத்தில்தான் பலர் கிளம்புகிறார்கள், அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். போனை மலையில் பயன்படுத்துவதைவிட முந்தின நாள் இரவு அறையில் பயன்படுத்துவது முக்கியம். போகிற பகுதியின் வரைபடத்தை ஆஃப்லைனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். டவர் இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும், அது செயற்கைக்கோளிலிருந்து வருவது. நீலப் புள்ளி நீங்க இருக்கும் இடத்தைக் காட்டும். ஆனால் காட்டுப் பாதைகள் பெரும்பாலும் வரைபடத்தில் இருக்காது, இருந்தாலும் பள்ளம் இருப்பதைச் சொல்லாது. ஆக, எங்கே இருக்கிறோம் என்பதற்கு நம்பலாம், எப்படிப் போவது என்பதற்கு நம்பக் கூடாது.

வாட்ஸ்அப் லைவ் லொகேஷன் போட்டுவிட்டேன், வீட்டில் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்பது இன்னொரு ஏமாற்றம். டேட்டா போனதும் அந்தப் புள்ளி கடைசியாக டவர் கிடைத்த இடத்திலேயே நின்றுவிடும். வீட்டில் இருப்பவர் "வட்டக்கானல்லதான் இருக்காங்க" என்று நிம்மதியாக இருப்பார். அதைவிட, வரைபடத்தில் நீலப் புள்ளியைத் தொட்டு, அதில் வருகிற அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை எடுக்கக் கற்றுக்கொள்ளுங்கள். கொடைக்கானல் ஊர் ஏறத்தாழ 10.23, 77.49. இப்படி இரண்டு தசம இலக்கத்தோடு நிறுத்தினால் ஒரு கிலோமீட்டர் வட்டத்தில் தேட வேண்டியிருக்கும். நான்கு இலக்கம் சொன்னால் பத்துப் பன்னிரண்டு மீட்டருக்குள் வந்துவிடலாம். பேச்சு இணைப்புக் கிடைக்காத இடத்திலும் சில சமயம் எஸ்எம்எஸ் போய்ச் சேரும். எண்களை எஸ்எம்எஸ்ஸில் அனுப்புங்கள். அவசர எண் 112-ஐ அழைத்தால் உங்க நிறுவனத்தின் டவர் இல்லாவிட்டாலும் அங்கே எட்டுகிற வேறு டவர் வழியாகப் போகும். ஆம்புலன்ஸுக்கு 108. பேசக் கிடைத்தால் முதலில் சொல்ல வேண்டியது இடம், பிறகு எத்தனை பேர், பிறகு என்ன ஆச்சு. இணைப்பு எப்போது அறுந்துபோகும் என்று தெரியாது, அதனால்தான் அந்த வரிசை.

பேட்டரி குளிரில் சீக்கிரம் இறங்கும். நடக்கும்போது ஏரோபிளேன் மோடில் வைத்து, சட்டையின் உள்பையில் உடம்புச் சூட்டில் வைத்திருங்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் ரீல்ஸ் எடுக்காதீர்கள். ஒரு போனாவது கடைசிவரை முழு சார்ஜில் இருக்கணும்.

போனுக்கு முந்தைய தொழில்நுட்பம் ஒன்று இருக்கிறது, விசில். ஐம்பது ரூபாய்க்கும் கிடைக்கும். கத்தினால் பத்து நிமிடத்தில் தொண்டை கட்டிவிடும், விசில் கட்டாது. ஒரு நிமிடத்தில் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஆறு முறை. மலைகளில் உலகம் முழுக்க உதவி கேட்கிற முறை இதுதான். இருட்டிவிட்டால் டார்ச்சையும் இதேபோல் அடிக்கலாம்.

உடையில் ஒரு சிக்கல் உண்டு. பருத்தி நனைந்தால் காயாது, வேர்வையோடு மேகம் படிந்தால் பிற்பகலில் நடுக்கம் வந்துவிடும். செயற்கை இழைத் துணி சீக்கிரம் காயும், ஆனால் தீப்பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் மழை, குளிர் காலத்தில் சீக்கிரம் காயும் சட்டை, அதற்கு மேல் கம்பளி ஸ்வெட்டர், ஒரு ரெயின்கோட். காய்ந்த காலத்தில் முழுக்கைப் பருத்தி. குடை வேண்டாம், இரண்டு கையும் உங்களுக்கு வேண்டும். ஷூ பழையதாக, அடிப்பகுதி தேயாததாக இருக்கட்டும். மாற்று சாக்ஸ் ஒன்று. இறக்கத்தில் முழங்காலுக்கு ஒரு கம்பு, வயதானவர்களுக்கு இரண்டு.

ஏப்ரல், மே மாதங்களில் பிற்பகல் இடிமழை வழக்கம். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை இந்த மலையில் கடுமையாக இருக்கும், பாதையே ஓடையாகிவிடும். கிளம்பும் நாள் காலையில் வானிலை எச்சரிக்கை பாருங்கள். மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் டிஎன்-அலர்ட் செயலி தமிழிலேயே சொல்லும், இடி மின்னலுக்கு 'தாமினி' செயலி இருக்கிறது. எச்சரிக்கை இருந்தால் அன்றைக்கு ஏரியில் படகு விடுவார்களா என்று பார்க்கப் போங்கள், காட்டை விட்டுவிடுங்கள். கட்டின பணம் போகட்டும்.

தீயைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான் பெரிதாக இருக்கிறது. சமதளத்தில் நடப்பதைவிடத் தீ மேட்டில் வேகமாக ஏறும், தனக்கு மேலே இருக்கிற புல்லை முன்கூட்டியே காய வைத்துக்கொண்டே வரும். மனிதன் மேட்டில் மெதுவாகத்தான் ஏறுவான். அதனால் கீழே புகை தெரிந்தால் மேல்நோக்கி ஓடாதீர்கள், பள்ளமான சரிவு இடுக்குகளிலும் இறங்காதீர்கள், அவை புகைபோக்கி மாதிரி. பக்கவாட்டில் விலகி வெறும் பாறை, ஓடைப் படுகை, ஏற்கெனவே எரிந்து அடங்கிய கரும்பரப்பு, இவற்றில் ஒன்றைத் தேடுங்கள். கூட்டமாக நில்லுங்கள், சிதறாதீர்கள்.

காட்டுமாடு கொடைக்கானல் ஊருக்குள்ளேயே வரும், அதனால் பழகின மாடு என்று நினைத்துவிடுகிறார்கள். ஆயிரம் கிலோ வரை எடை போகிற காட்டு விலங்கு அது. கூட்டமாக மேய்வதைவிடத் தனியாக நிற்கிற காளைதான் ஆபத்து. பாதையில் நின்றால் நீங்க நில்லுங்கள், அது போகட்டும். அது போகிற வழிக்கும் அதற்கும் நடுவே நிற்காதீர்கள். முதுகைத் திருப்பிக்கொண்டு செல்ஃபி எடுக்கிற வேலை வேண்டவே வேண்டாம்.

செல்ஃபி என்றதும் குணா குகை ஞாபகம் வருது. 2006-ல் கேரளாவின் மஞ்சும்மலிலிருந்து வந்த நண்பர்கள் தடுப்பைத் தாண்டிப் போய், ஒருவர் பாறை இடுக்கில் விழுந்ததும், நண்பர் ஒருவர் கயிற்றில் இறங்கி அவரை மீட்டதும் 2024-ல் படமாக வந்து எல்லாரும் பார்த்துவிட்டோம். படம் வந்த பிறகு அங்கே கூட்டம் கூடியது. அந்த வேலி எதற்காக இருக்கிறது என்று காட்டிய படத்தைப் பார்த்துவிட்டு, வேலியைத் தாண்டப் பார்க்கிறவர்களை என்ன சொல்வது!

தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர், வீட்டிலிருந்து கொண்டுவந்த எவர்சில்வர் பாட்டிலில். கொடைக்கானலில் 5 லிட்டருக்கும் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில், குளிர்பான பாட்டிலுக்குத் தடை. வைத்திருந்தால் பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி. சாப்பாட்டுக்குப் புளிசாதம், சப்பாத்தி, கடலை மிட்டாய், வாழைப்பழம் போதும். வாழை இலையில் கட்டினாலும் இலையைத் திருப்பிக் கொண்டுவாருங்கள், குரங்குக்குப் போடாதீர்கள். சர்க்கரை நோய் உள்ளவர் பையில் சர்க்கரையோ மிட்டாயோ கைக்கு எட்டும்படி இருக்கணும், கூட வருகிற ஒருவருக்கு அது எங்கே இருக்கிறது என்று தெரியணும். மூச்சிரைப்பு உள்ளவர் இன்ஹேலரை அறையில் விட்டுவிட்டு வரக் கூடாது. பாம்பு கடித்தால் கீறாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள், உறிஞ்சாதீர்கள். கடிபட்டவரை நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு மேலே வாருங்கள். விஷமுறிவு மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம்.

கடைசியாக அந்தச் சீட்டு. அனுமதி எடுத்து, வழிகாட்டியோடு போனாலும் இதை எழுதுங்கள். ஒரு வெள்ளைத் தாள் போதும். யார் யார் போகிறோம், வயது, ஒவ்வொருவரின் போன் எண், யாருக்கு என்ன மருந்து. எங்கே தொடங்குகிறோம், எந்த வழி, எங்கே முடிக்கிறோம், வண்டி எங்கே நிற்கிறது, வண்டி எண் என்ன. எத்தனை மணிக்கு வெளியே வருவோம். அதற்குக் கீழே ஒரு வரி, இது எல்லாவற்றையும்விட முக்கியம்: இத்தனை மணிக்குள் எங்களிடமிருந்து போன் வரவில்லை என்றால் வனத்துறைக்கும் 112-க்கும் சொல்லவும். அந்த நேரத்தை நீங்களே எழுதணும். இல்லாவிட்டால் தாளை வைத்திருப்பவர் "இப்போ வந்துடுவாங்க, இன்னும் அரை மணி பார்ப்போம்" என்று தயங்கித் தயங்கியே இருட்டிவிடும். 4 மணிக்கு வருவதாக இருந்தால் 6 மணி என்று எழுதலாம்.

இரண்டு பிரதி. ஒன்று தங்குகிற விடுதி வரவேற்பில், கையில் கொடுத்து, வாயாலும் சொல்லி. இன்னொன்று ஊரில் இருக்கிற ஒருவருக்குப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். அம்மா பயப்படுவார் என்றால் அண்ணனுக்கோ சித்தப்பாவுக்கோ அனுப்புங்கள், போனை எடுத்துப் பார்க்கிற ஆளாக இருக்கணும். அதன் பிறகு திட்டத்தை மாற்றக் கூடாது. வழியில் யாரோ "அந்தப் பக்கம் ஒரு அருவி இருக்கு" என்று சொன்னால், அந்த அருவி உங்க தாளில் இல்லை.

வெளியே வந்ததும் டீக்கடைக்குப் போவதற்கு முன் அந்த இருவருக்கும் போன் பண்ணுங்கள். பண்ணாவிட்டால் நீங்க பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வனக்காவலர்கள் டார்ச்சோடு உங்களைத் தேடிக் காட்டுக்குள் இறங்கிக்கொண்டிருப்பார்கள். போன் பண்ணிவிட்டு ஷூவைக் கழற்றி, சாக்ஸைத் திருப்பிப் பாருங்கள். மழைக்காலம் என்றால் ஒன்றிரண்டு அட்டையாவது இருக்கும். பிடித்து இழுக்க வேண்டாம், கொஞ்சம் உப்புப் போட்டால் தானே விழுந்துவிடும்.